மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு, நிதி திரட்டல்: வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் தொடங்க ஒரு முழு வழிகாட்டி

அக்டோபர் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். அது வந்தால் அலுவலகங்களில் ஒரு நாள் பிங்க் சேலை, ஒரு குரூப் போட்டோ, ஒரு ஸ்டேட்டஸ். அதில் தப்பே இல்லை, செய்யுங்கள். ஆனால் அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் பரிசோதனைக்குப் போனார்கள், சிகிச்சையில் இருக்கும் எத்தனை பேருக்குப் பஸ் காசு போய்ச் சேர்ந்தது என்ற கேள்வியையும் கூடவே வைத்துக்கொண்டால் நாம் செய்வது எல்லாமே மாறிவிடும்.

ஏன் என்றால் கணக்கு இப்படி இருக்கிறது. 2022இல் உலகம் முழுக்க சுமார் 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது, சுமார் 6.7 லட்சம் பேர் அதனால் இறந்தார்கள். அதே ஆண்டில் இந்தியாவுக்கான மதிப்பீடு: புதிதாகச் சுமார் 1,92,000 பேர், இறப்பு சுமார் 98,000. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: உலகக் கணக்கில் பத்துப் பேருக்குக் கண்டுபிடிக்கப்பட்டால் சுமார் மூன்று இறப்பு, நம் நாட்டில் சுமார் ஐந்து. நம் பெண்கள் இவ்வளவு பேர் இறப்பதற்குப் பெரிய காரணம் இரண்டு. ஒன்று, கட்டி கையில் தட்டுப்பட்ட நாளுக்கும் டாக்டரைப் பார்க்கும் நாளுக்கும் நடுவில் மாதக்கணக்கில் போய்விடுகிறது. இரண்டு, சிகிச்சை தொடங்கியவர்களில் பலர் காசு, தூரம், வீட்டு வேலை என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள். விழிப்புணர்வு வேலை முதல் ஓட்டையை அடைக்கணும், திரட்டுகிற பணம் இரண்டாவது ஓட்டையை அடைக்கணும். இந்த வழிகாட்டி முழுக்க இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

1. முதலில் நமக்கு விஷயம் தெளிவாகணும்

கவனிக்க வேண்டியவை இவை: மார்பிலோ அக்குளிலோ புதிதாக ஒரு கட்டி, ஒரு பக்கம் மட்டும் அளவோ வடிவமோ மாறுவது, தோல் குழிவது அல்லது ஆரஞ்சுத் தோல் மாதிரி தடிப்பது, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தம் கலந்த கசிவு, காம்பைச் சுற்றி ஆறாத புண்.

இதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. "வலிக்கவே இல்ல, வெறும் கொழுப்புக் கட்டியா இருக்கும்" என்று விட்டவர்கள்தான் தாமதமாக வருகிறார்கள். கூடவே இன்னொன்றையும் சொல்லணும்: பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் கிடையாது. இதைச் சொல்லாமல் பயத்தை மட்டும் ஊட்டினால் யாரும் டாக்டர் பக்கமே போக மாட்டார்கள்.

நம் ஊரில் காதில் விழும் மூன்று பேச்சுகளுக்குப் பதில் தயாராக இருக்கட்டும். "கத்தி பட்டா பரவிடும்" என்பது முதல் பேச்சு. பயாப்சி, அதாவது கட்டியிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துச் சோதிப்பது, அதைச் செய்வதால் நோய் பரவுவதில்லை, அதைச் செய்யாமல் எந்த வகை என்றே தெரியாது, எந்த வகை என்று தெரியாமல் மருந்தும் முடிவு செய்ய முடியாது. "நான் மூணு பிள்ளைக்குப் பால் குடுத்தவ, எனக்கெல்லாம் வராது" என்பது அடுத்தது. தாய்ப்பால் கொடுத்தால் ஆபத்து குறைகிறது, உண்மை, ஆனால் அது முழுக் கவசம் இல்லை. "எங்க பரம்பரையிலயே கிடையாது" என்பது மூன்றாவது. பரம்பரையாக வருவது பத்துக்கு ஒன்று என்ற அளவுதான், அல்லது அதற்கும் குறைவு. மிச்சப் பேரில் பெரும்பாலானவர்கள் வீட்டில் இதற்கு முன் யாருக்கும் இருந்ததில்லை. ஆண்களுக்கும் வரும், மொத்தத்தில் நூற்றில் ஒன்று அல்லது அதற்கும் கீழே.

கண்ணாடி முன் நின்று மாதாமாதம் தானே தடவிப் பார்ப்பது பற்றியும் ஒரு வார்த்தை. சீனாவின் ஷாங்காய் நகரில் 2.66 லட்சம் ஆலைத் தொழிலாளிப் பெண்களை வைத்து இதை வருடக்கணக்கில் சோதித்தார்கள். 2002இல் வந்த முடிவு, சுயபரிசோதனை சொல்லிக்கொடுத்ததால் மட்டும் இறப்பு குறையவில்லை என்பது. அதனால் "நீங்களே பார்த்துக்கொண்டால் போதும்" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். தன் உடம்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்து வைத்துக்கொண்டு, மாற்றம் தெரிந்தால் உடனே காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு மாறாக, மும்பையில் டாடா மெமோரியல் மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வு இருக்கிறது. 35 முதல் 64 வயது வரை ஒன்றரை லட்சம் பெண்கள். அதில் ஒரு பாதிப் பேருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள், டாக்டர்கள்கூட இல்லை, கையால் மார்பைப் பரிசோதித்தார்கள். 2021இல் முழு முடிவும் வெளியானது. 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் மார்பகப் புற்றுநோய் இறப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்திருந்தது. 50க்குக் கீழே இறப்பு அப்படிக் குறையவில்லை. ஆனாலும் மெஷின் இல்லாமல், பயிற்சி பெற்ற இரண்டு கைகளால் இவ்வளவு செய்ய முடிந்திருக்கிறது. இது எனக்கு மிகப் பெரிய நம்பிக்கை கொடுத்த செய்தி. அந்தக் கைகள் நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கின்றன.

2. எங்கே பேசுவது, எப்படிப் பேசுவது

மேடை போட்டு மைக் பிடித்தால் பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஆண்கள் இல்லாத, பெண்கள் வழக்கமாகக் கூடும் இடம்தான் இதற்குச் சரி. நவராத்திரி கொலு பல வருடம் அக்டோபரிலேயே வரும். வெற்றிலை பாக்கு வாங்க வரும் பெண்களிடம் சுண்டல் கொடுக்கும்போது அஞ்சு நிமிஷம் பேசலாம், தாம்பூலப் பையில் ஒரு சின்ன அட்டை வைக்கலாம். கல்யாணம், வளைகாப்பு, கிரகப்பிரவேசம் எதிலும் தாம்பூலப் பை உண்டு. சுயஉதவிக் குழுவின் கூட்டம், நூறு நாள் வேலை நடக்கும் இடம், பியூட்டி பார்லர் எல்லாம் நல்ல இடங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால் எல்லாவற்றையும் விட முக்கியமான ஆள் பிளவுஸ் தைக்கும் அக்காதான். "போன தடவை சரியா இருந்துச்சு, இப்ப ஒரு பக்கம் மட்டும் பிடிக்குது", "ஹூக் போட்டா இங்க உறுத்துது" என்று பெண்கள் கூச்சமில்லாமல் பேசுவது அவரிடம். அளவு ஒரு பக்கம் மாறியிருப்பதை டேப்பால் கண்டுபிடிப்பவரும் அவரே. எங்கள் பக்கத்தில் இருக்கும் தையல்கடையில் மாற்றிப் பார்க்கும் மறைப்புக்குள்ளே, கண்ணாடிக்குப் பக்கத்தில், ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது. வாசலில் ஒட்டினால் நின்று படிக்க வெட்கம், உள்ளே என்றால் தனியாக நிதானமாகப் படிக்கிறார்கள். உங்கள் தெருத் தையல்கடையில் கேட்டுப் பாருங்கள், யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள்.

அட்டையில் நிறைய எழுதாதீர்கள். இவ்வளவு போதும்:

"மார்பில் வலி இல்லாத கட்டியா? அதையும் காட்டிவிடுங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தால் சீக்கிரம் பார்ப்பது நல்லது. 30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை இலவசம். விவரம் கேட்க போன்: 104."

வீட்டுக்குள் பேசுவது இதைவிடக் கஷ்டம். அம்மாவிடமும் மாமியாரிடமும் "கேன்சர் டெஸ்ட்" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "அம்மா, நான் காட்டிக்கப் போறேன், தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு, துணைக்கு வாங்க, வந்ததுக்கு நீங்களும் ஒரு தடவை பார்த்துக்குங்க" என்று கூப்பிட்டால் பெரும்பாலும் வந்துவிடுவார்கள். இதில் பொய் எதுவும் இல்லை, நீங்களும் காட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆண்களுக்கு இதில் வேலை இல்லை என்று நினைக்காதீர்கள். நிறைய வீடுகளில் "அவர்கிட்ட கேட்டுட்டு வரேன்" என்ற இடத்தில்தான் நாள் போகிறது. மனைவி சொல்லும் முன்பே "ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வா, பிள்ளைங்கள நான் பார்த்துக்கறேன்" என்று கணவர் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

3. பேசியதோடு விடாமல் கூட்டிக்கொண்டு போங்கள்

இந்தப் படியை யாரும் செய்வதில்லை, ஆனால் பலன் முழுக்க இங்கேதான். மத்திய அரசின் திட்டப்படி 30 முதல் 65 வயது வரையான பெண்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை, பயிற்சி பெற்ற ஊழியர் மார்பைப் பரிசோதிக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் சர்க்கரை, பிரஷர் பார்க்கும் தொற்றா நோய்ப் பிரிவில் இதைப் பார்க்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் அக்காவிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டால், எந்த நாளில், எத்தனை மணிக்கு வந்தால் கூட்டம் குறைவு என்று சொல்லிவிடுவார்கள். அவர்களிடமே பெண் ஊழியர் இருக்கும் நேரத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நாலைந்து பேராகப் போங்கள். ஒருவர் வெட்கத்தை இன்னொருவர் போக்கிவிடுவார். மாதவிடாய் முடிந்து சில நாள் கழித்துப் போனால் நல்லது, மார்பு கனத்து வலிக்காது. முன்பக்கம் ஹூக் வைத்த ஜாக்கெட் அல்லது முன்பக்கம் திறக்கும் உடை வசதி. ஆதார், போன் நம்பர் கையில் இருக்கட்டும். உள்ளே என்ன நடக்கும் என்று முன்பே சொல்லிவிடுங்கள், தெரியாததுதான் பயம்: மறைப்புக்குப் பின்னால் உட்கார வைத்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், கையைத் தூக்கச் சொல்வார்கள், பிறகு படுக்க வைத்து நடு மூன்று விரல்களின் பட்டையான பகுதியால் மார்பு முழுக்கவும் அக்குளிலும் மெதுவாக அழுத்திப் பார்ப்பார்கள். சில நிமிஷத்தில் முடிந்துவிடும். ஊசி கிடையாது, ரத்தம் எடுப்பதும் கிடையாது.

ஏற்கெனவே கட்டியோ வேறு மாற்றமோ இருப்பவர்கள் இந்த வயது வரம்பையெல்லாம் பார்க்கவே கூடாது. 24 வயது என்றாலும் நேராக டாக்டர்தான். அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ இருந்தவர்களும் எப்போதிலிருந்து, என்ன பரிசோதனை என்று டாக்டரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. இளம் வயதில் மார்பகம் அடர்த்தியாக இருப்பதால் அதில் சரியாகத் தெரியாமல் போகலாம், அப்போது ஸ்கேன் எழுதிக்கொடுப்பார்கள்.

யாருக்காவது சந்தேகம் என்று பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தால், உங்கள் வேலை அன்றுதான் ஆரம்பிக்கிறது. வீட்டுக்குப் போய் "தீபாவளி முடியட்டும்", "பொண்ணு கல்யாணம் முடியட்டும்" என்று சீட்டு அலமாரிக்குள் போய்விடும். முதல் சந்தேகத்திலிருந்து நோய் உறுதியாவது வரை 60 நாளுக்குள் முடியணும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த இலக்கு. அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு, ஸ்கேனுக்கும் பயாப்சிக்கும் ரிசல்ட் வாங்கவும் ஒருவர் கூடப் போக வேண்டும். குடியிருப்பிலோ அலுவலகத்திலோ முகாம் ஏற்பாடு செய்கிறவர்களும் ஆஸ்பத்திரியிடம் முதலில் கேட்க வேண்டியது, "சந்தேகம் வந்தவர்களுக்கு அடுத்த பரிசோதனை எங்கே, யார் செலவு?" என்பதைத்தான். இதற்குப் பதில் இல்லாத முகாமை வைக்காமலிருப்பதே மேல்.

4. பணம் எங்கே போகணும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

திரட்டிய பிறகு யோசிப்பது தப்பு. யாருக்கு, எதற்கு என்று தெரிந்தால்தான் கேட்பதும் எளிது, கொடுப்பதும் எளிது.

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, ஆண்டுக்கு 5 லட்சம் வரை. தெரிந்தவர் யாருக்காவது நிதி திரட்டும் முன் அவரிடம் இந்த அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டோடு கலெக்டர் ஆபீஸில் பதிவு செய்ய உதவுவதே லட்ச ரூபாய்க்குச் சமம்.

அப்படியானால் பணம் எதற்கு? கீமோ, அதாவது புற்றுநோய் மருந்து ஏற்றுவது, பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒரு முறை இருக்கும். ரேடியேஷன், ஊரில் "கரண்ட் வைக்கிறது" என்று சொல்வார்களே, அது வாரத்தில் ஐந்து நாள், தொடர்ந்து சில வாரம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து சென்னைக்கு வருகிறவர் அத்தனை வாரமும் எங்கேயாவது தங்க வேண்டும், துணைக்கு வருகிறவரோடு சேர்ந்து இரண்டு பேர் சாப்பிட வேண்டும், இரண்டு பேர் கூலியும் போகும். மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் இந்தக் கூலியைத் தராது. சிகிச்சை பாதியில் நிற்பது மருந்து விலையால் மட்டும் இல்லை, அறை வாடகையாலும்தான். அதனால் தங்குமிடம், சாப்பாடு, போக்குவரத்து என்று குறிப்பாகச் சொல்லித் திரட்டுங்கள். ரயிலில் சிகிச்சைக்குப் போய்வர நோயாளிக்கும் துணைக்கு வருகிறவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். நிறையப் பேருக்கு இது தெரியாது, தெரியப்படுத்துங்கள்.

நிறுவனத்துக்குக் கொடுப்பதானால் அடையாறு புற்றுநோய் நிறுவனம், காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் மாதிரி ஏழைகள் போகும் இடங்களில் நேரடியாக விசாரித்து, இப்போது என்ன தேவை என்று கேட்டுக் கொடுப்பது நல்லது. அடையாறு நிறுவனமே மக்கள் காசில் வந்ததுதான். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் நிதி திரட்டி, 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் 12 படுக்கையோடு தொடங்கினார். அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தா 2021 ஜனவரியில் இறக்கும் வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. சின்னத் தொகையைக் கொடுக்கத் தயங்குகிறவர்களிடம் நான் சொல்வது இந்தக் கதையைத்தான்.

"இதை வாங்கினால் ஒரு பகுதி புற்றுநோய் நிதிக்கு" என்று அச்சடித்த பொருட்களில் எவ்வளவு, யாருக்கு, எந்தத் தேதி வரை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதவில்லை என்றால் அந்தக் காசை நீங்களே நேராகக் கொடுத்துவிடலாம்.

5. திரட்டும் வழிகள்

புதிதாக ஒரு விழா எடுக்கத் தேவையில்லை, ஏற்கெனவே நடப்பதோடு சேர்த்துவிடுங்கள். தீபாவளி முறுக்கு, அதிரசம் ஆர்டர் எடுத்துச் செய்வது எல்லோருக்கும் கைவந்த வேலை. முன்கூட்டியே ஆர்டரும் பணமும் வாங்கிவிட்டால் நஷ்டமே வராது. வெளியாட்களுக்கு விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும், ஏற்கெனவே பதிவு வைத்திருக்கும் சுயஉதவிக் குழுவோடு சேர்ந்து செய்யலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் பழைய பேப்பர் ஒரு நல்ல வழி. அறுபது வீடு, வீட்டுக்கு மாதம் அஞ்சு கிலோ, கிலோ பத்து ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் மாதம் 3,000 ரூபாய், யார் கையிலிருந்தும் காசு கேட்காமலே. மார்கழிக் கோலப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம், பிறந்தநாளுக்குப் பரிசுக்குப் பதில் நன்கொடை, அறுபதாம் கல்யாணத்தில் வரும் மொய்யை அப்படியே கொடுத்துவிடுவது, இதெல்லாம் பழகிய வழிகள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். டோக்கன் விற்றுக் குலுக்கல் பரிசு கொடுப்பது. தமிழ்நாட்டில் 2003இலிருந்து லாட்டரிக்குத் தடை, நல்ல காரியம் என்றாலும் சிக்கல் வரும்.

கேட்கும்போது தொகையையும் செலவையும் சேர்த்துச் சொல்லுங்கள். "உதவுங்கள்" என்ற மெசேஜை எல்லோரும் கடந்து போவார்கள். "ஒருவர் ஒரு வாரம் தங்கிச் சாப்பிட இவ்வளவு, நீங்கள் ஒரு நாளை எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று பெயர் சொல்லித் தனியாகக் கேட்டால் பதில் வரும்.

6. கணக்கு

இதில் தாட்சண்யமே கூடாது. முடிந்தவரை பணம் உங்கள் கைக்கோ உங்கள் கூகுள் பேவுக்கோ வராமல் நேராக நிறுவனத்தின் கணக்குக்கே போகட்டும். தனி நோயாளிக்கு என்றால் ஆஸ்பத்திரியில் அவர் பதிவு எண்ணில் கட்டச் சொல்லுங்கள். உங்கள் வழியாகத்தான் வர வேண்டும் என்றால் இரண்டு பேர் பொறுப்பில் தனிக் கணக்கு, குழுவில் எல்லோரும் பார்க்கும்படி ஒரு தாள்: முறுக்கு விற்ற வரவு 18,000, மாவு, எண்ணெய், கவர் 7,400, மீதி 10,600, கட்டிய ரசீது படம். பத்து ரூபாய் கொடுத்தவருக்கும் அந்தத் தாள் போகணும்.

வரிச் சலுகை பற்றிக் கேட்பார்கள். நன்கொடைக்கு வரிச் சலுகை தரும் பதிவு (80ஜி என்று சொல்வார்கள்) உள்ள நிறுவனமாக இருக்க வேண்டும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் இல்லை. நிறுவனத்திடம் வரிச் சலுகைக்கான நன்கொடைச் சான்றிதழ் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லோர் பணத்தையும் ஒருவர் பெயரில் கட்டினால் ரசீதும் அவர் ஒருவருக்குத்தான் வரும், இதை முன்பே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட உறவினர் கொடுப்பதாக இருந்தால் அந்த நிறுவனத்துக்கு வெளிநாட்டு நிதி பெறும் பதிவு இருக்க வேண்டும். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்ப அந்தக் கட்டுப்பாடு இல்லை.

நோயாளியின் போட்டோ, மொட்டைத் தலை, ரிப்போர்ட் இதையெல்லாம் குரூப்பில் போட்டுப் பணம் கேட்காதீர்கள். அவர் சம்மதித்தாலும், நெருக்கடியில் இருக்கும்போது கொடுத்த சம்மதம் அது. அவருடைய பெண்ணுக்கு நாளைக்கு வரன் பார்க்கும்போது அந்தப் படம் சுற்றிக்கொண்டிருக்கும்.

7. காசு இல்லாமல் செய்யக்கூடியவை

பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவும் அணுக்கள், தானம் செய்யலாம். சேமித்து வைத்தால் ஐந்து நாள்தான் தாங்கும், அதனால் ரத்த வங்கிகளுக்கு எப்போதும் ஆள் தேவை. முடி தானம் செய்ய நினைப்பவர்கள் எவ்வளவு நீளம், சாயம் போட்டிருக்கலாமா என்று வாங்கும் அமைப்பிடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள். குரோஷா தெரிந்தவர்கள் பஞ்சு அடைத்த பருத்தி நூல் மார்பகம் பின்னலாம். மார்பை எடுத்த பெண்கள் பிராவுக்குள் வைத்துக்கொள்வது, சிலிக்கானை விட லேசு, நம் வெயிலுக்குக் கசகசக்காது, விலை கொடுத்து வாங்க முடியாதவர்களுக்குப் பெரிய உதவி.

பக்கத்து வீட்டிலேயே ஒருவர் சிகிச்சையில் இருந்தால் "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வராதீர்கள், யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். "செவ்வாய்க்கிழமை கீமோவா? அன்னைக்கு மதியம் பிள்ளைங்களுக்கு ரசம் சாதம் நான் கொடுத்து விடறேன்" என்று நாளும் வேலையும் சொல்லுங்கள். அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு அந்தப் பக்கக் கை வீங்கலாம், தண்ணீர்க் குடம் தூக்கிக் கொடுப்பது, கிரைண்டர் கல்லைக் கழுவி வைப்பது பெரிய காரியம். பார்க்கப் போகும்போது சளி, காய்ச்சல் இருந்தால் போகாதீர்கள், கீமோ நாட்களில் எதிர்ப்புச் சக்தி குறைவு. உங்களுக்குத் தெரிந்த இன்னொருவர் இறந்த கதையைச் சொல்லாதீர்கள், பப்பாளி இலைச் சாறு வைத்தியமும் வேண்டாம்.

8. நவம்பரிலும் அதற்குப் பிறகும்

அக்டோபர் முடிந்ததும் ஒரு நோட்டில் மூன்று பட்டியல் எழுதுங்கள். பரிசோதனைக்கு வருகிறேன் என்று சொல்லி வராதவர்கள், மேல் பரிசோதனைக்குச் சீட்டு வாங்கியவர்கள், சிகிச்சையில் இருப்பவர்கள். முதல் பட்டியலில் இருப்பவர்களைப் பொங்கலுக்குப் பிறகு ஒரு தடவை கூப்பிடுங்கள், வற்புறுத்த வேண்டாம், "அடுத்த வாரம் நாங்க போறோம், வரீங்களா" என்றால் போதும். இரண்டாவது பட்டியலுக்கு வாரம் ஒரு போன். மூன்றாவதில் கீமோவும் ரேடியேஷனும் முடித்தவர்களையும் விட்டுவிடாதீர்கள். ஹார்மோன் சார்ந்த வகை என்றால் ஐந்து ஆண்டு, சிலருக்குப் பத்து ஆண்டு வரை தினம் ஒரு மாத்திரை உண்டு. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று அதைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. போன் செய்யும்போது நலம் விசாரித்துவிட்டு, "மாத்திரை இன்னும் எத்தனை நாளுக்கு இருக்கு, அடுத்த செக்கப் எந்தத் தேதி, கூட யார் வராங்க?" என்று இந்த மூன்றையும் கேளுங்கள். யாரும் வரவில்லை என்று சொன்னால் தேதியைக் குறித்துக்கொண்டு நீங்கள் கிளம்புங்கள்.